தலைவரைப் பார்த்து ‘சொங்’ என்ற கதை

விடியற்காலை. சர்வதீர்த்தக் குளத்தின் கரை. நாங்கள் பத்துப் பேருக்கு மேல் இருப்போம். எல்லாரும் வளர்ந்த ஆம்பளைகள், மீசை வைத்தவர்கள். இல்லாத முக்காலியில் உட்கார்ந்த மாதிரி முழங்காலை மடக்கி, இல்லாத பானையைக் கட்டிப் பிடித்த மாதிரி கையை நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டு நின்றிருந்தோம்.

கூடையோடு போன பூக்கார அம்மா நின்று பார்த்தாள்.

"இன்னாப்பா, ஊரே சேர்ந்து எதையோ அடக்கிக்கினு நிக்கிறீங்க? ஒதுங்க எடமா இல்ல?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் மூச்சு கலையும். மூச்சு கலைந்தால் வாத்தியார் ரத்தினம் மறுபடியும் முதலிலிருந்து நிற்க வைப்பான்.

ரத்தினம் செருப்பில்லாமல், சத்தமில்லாமல் ஒவ்வொருத்தர் பின்னாலும் வந்து தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியாக எங்கள் மன்றத்துத் தலைவர் சபாபதியிடம் வந்தான். தலைவருடைய இரண்டு தோளும் காதோடு ரகசியம் பேசுகிற உயரத்தில் இருந்தன. ரத்தினம் அவற்றின் மேல் விரலை வைத்து, மெதுவாக, அன்பாகவே சொன்னான்.

"தலைவரே, சொங்."

தலைவரின் முழங்கால் நிமிர்ந்தது.

"இன்னா சொன்னே?"

"சொங் தலைவரே. சொங்."

"ஐய, சொங்கியாம்!" என்றாள் பூக்கார அம்மா. கூடையை இடுப்பில் சரிசெய்துகொண்டு, நல்ல சேதியோடு ஊருக்குள் நடந்தாள்.

பிள்ளைகளே, அந்த நிமிஷத்தில் உங்கள் அப்பாவின், அதாவது என், கல்யாணம் குளத்தில் விழுந்தது. எப்படி என்று புரிய, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பறக்க ஆசைப்பட்ட ஊர்

அந்த வருஷம் நம் ஊர்க் கொட்டகைக்கு ஒரு சீனச் சண்டைப் படம் வந்தது. பாஷை ஒருத்தருக்கும் புரியவில்லை. அதனால் கதை எல்லாருக்கும் புரிந்தது. ஒல்லியாக ஒருத்தன் இருப்பான். குண்டாக இருக்கிற அத்தனை பேரையும் அடிப்பான். ஒல்லியானவர்கள் நிறைந்த ஊரில் அப்படி ஒரு படம் வந்தால் என்ன ஆகும்?

பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர்கள் தறிக்குழியிலிருந்து எழுந்திருக்கும்போதே "ஊஊ" என்று கத்திக்கொண்டு எழுந்தார்கள். டீக்கடையில் கிளாஸைத் திருப்பிக் கொடுப்பதற்குக்கூட ஒரு கை வெட்டு. எங்கள் தெருவில் ஒருத்தன் மொட்டை மாடியிலிருந்து பறந்தான். பறந்தது புது மாதிரி. இறங்கியது மட்டும் பழைய மாதிரி. எலும்புக்குக் கட்டுப் போடுகிற வைத்தியருக்கு அந்த மாதம் முழுக்க மூச்சுவிட நேரமில்லை. அவர் மட்டும் அந்தப் படத்தை ரொம்பப் புகழ்ந்து பேசுவார்.

இந்தக் காய்ச்சல் சபாபதிக்கும் பிடித்தது. அவர் குண்டானவர் கட்சி. இருந்தாலும் பிடித்தது.

சபாபதி யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் தாய்மாமன்தான். இன்றைக்குச் சாய்வு நாற்காலியில் சாதுவாக இருக்கிறவரைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அப்போது வீட்டில் நாலு தறி, வாசலில் நாலு பேர், வாயில் எப்போதும் நாலு உத்தரவு. அப்பா காலமாகிவிட்டதால் வீட்டுக்கும் அவர்தான் பெரியவர். அவருடைய தங்கை காமாட்சியைத்தான், அதாவது உங்கள் அம்மாவைத்தான், எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. எங்கள் அம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. என்னைக் கேட்கவே வேண்டாம். நிச்சயத்துக்குத் தட்டு மாற்ற ஒரு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நாள் சபாபதியின் வாயில் இருந்தது. வாய் திறப்பேனா என்றது.

அவரைச் சந்தோஷப்படுத்த எனக்கு ஒரு வழி தோன்றியது. ரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ரத்தினம் பர்மாவிலிருந்து வந்தவன். எங்கள் வயசுதான். ரங்கூனில் பிறந்து வளர்ந்து, அங்கே இருக்க முடியாமல் போய், கையில் ஒரு பெட்டியோடு கப்பல் ஏறி வந்தவர்களில் ஒருத்தன். சபாபதி வீட்டுப் பக்கவாட்டில் இருந்த அவருடைய காலி இடத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தான். ரங்கூனில் ஒரு சீனாக்காரர் அரிசிக் கடையில் அவன் வேலை பார்த்தானாம். கடை திறப்பதற்கு முன்னால் முதலாளி முற்றத்தில் மெதுவாகக் கையைக் காலை அசைத்து ஒரு வித்தை பழகுவாராம். இவனையும் பக்கத்தில் நிற்க வைப்பாராம். வித்தைக்குப் பேர் தாய்ச்சி.

"தாச்சியா?" என்றார் சபாபதி. "கண்ணாமூச்சி ஆடறப்போ ஓடிப்போய்த் தொடுவோமே, அந்தத் தாச்சியா?"

"இது சண்டை, தலைவரே. மெதுவா பண்ணுவாங்க."

"மெதுவா அடிச்சா வலிக்குமா?"

"வலிக்காது. ஆனா விழுவாங்க."

அந்தப் பதில் சபாபதிக்குப் பிடித்துப்போனது. மறுநாளே மன்றம் ஆரம்பித்துவிட்டார்.

ஒரே ஒரு உறுப்பினர்

காஞ்சி சீன வீரக்கலை மன்றம். அந்தக் காலத்தில் நம் ஊரில் இரண்டு பேர் சேர்ந்து தும்மினால் ஒரு மன்றம். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், அமைப்பாளர், காப்பாளர் என்று வந்திருந்த எல்லாருக்கும் பதவி கொடுத்து முடித்தார்கள். அப்புறம்தான் உறுப்பினர் என்று ஒருத்தரும் இல்லை என்பது தெரிந்தது. உறுப்பினர் இல்லாத மன்றம் செல்லாதாம். நான் கையைத் தூக்கினேன்.

செயலாளர் பேர் தமிழ்மணி. பிறந்தபோது சுப்பிரமணி. மேடையில் பேச ஆரம்பித்ததும் பேரை மாற்றிக்கொண்டார். தொடக்க விழாவில் அவர் பேசியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"பல்லவர் காலத்திலேயே இந்தக் காஞ்சி மண்ணிலிருந்து கப்பலேறிப்போய்ச் சீனனுக்குச் சண்டை சொல்லிக் கொடுத்தவன் தமிழன்! ஆகவே நாம் இதைக் கற்கப்போவதில்லை. நினைவுபடுத்திக்கொள்ளப் போகிறோம்!"

கைதட்டல் அடங்கவே இல்லை. அடிப்படை எல்லாம் ரத்தத்திலேயே இருக்கிறது என்று முடிவானதால், நேராகப் பறப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். அதோடு விடவில்லை. வைகாசித் திருவிழாக் கூட்டத்தில் மேடை போட்டு வித்தை காட்டுவதாக நோட்டீஸும் அடித்து ஒட்டினார்கள். கொட்டை எழுத்தில்: ‘மலையை அசைக்க முடியுமா? மன்றத் தலைவரைத் தள்ளிப் பாருங்கள்!’

தலைவர் அதுவரை நிற்கவே கற்றுக்கொள்ளவில்லை.

அடியும் அடிப்படையும்

முதல் நாள் எல்லாரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குளக்கரைக்கு வந்தோம். ரத்தினம், "நில்லுங்க" என்றான். நின்றோம். அவன் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் ஆனது.

"வாத்யாரே, அடி எப்போ?" என்றார் தமிழ்மணி.

"இதாம்பா அடி. காலடி. இது மண்ணுல எறங்கணும். கையில வர்ற அடியெல்லாம் அப்புறம்."

அடி கற்றுக்கொள்ளலாம் என்று போன எங்களுக்கு அவன் அடிப்படை கற்றுக்கொடுத்தான். தினமும் அதேதான். முழங்கால் மடங்க வேண்டும், ஆனால் கால் கட்டைவிரலைத் தாண்டக் கூடாது. இடுப்பு கீழே இறங்க வேண்டும், முதுகு வளையக் கூடாது. மூச்சு நெஞ்சில் நிற்காமல் அடிவயிறு வரைக்கும் போக வேண்டும்.

"உச்சந்தலையை மேலேர்ந்து ஒரு நூலு தூக்கறதா நெனைச்சுக்கங்க."

"பட்டு நூலா, பருத்தியா?" என்றார் பொருளாளர். அவர் நூல் கடை வைத்திருந்தார்.

"இப்போ ஒரு காலை ரொப்புங்க. இன்னொரு காலைக் காலி பண்ணுங்க."

"காலு இன்னா குடமாயா?"

குடம்தான், பிள்ளைகளே. உடம்புக் கனத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குத் தண்ணீர் மாதிரி ஊற்ற வேண்டும். ஊற்றி முடிக்கும் முன்னால் காலைத் தூக்கினால் தள்ளாட்டம். நீங்களும் வேண்டுமானால் இப்போதே எழுந்து செய்து பாருங்கள். சுலபமாக இருந்தால் தப்பாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது தோள். பலத்தைக் காட்ட வேண்டும் என்று நினைத்த உடனே தோள் மேலே ஏறிவிடும். ஏறிய தோளைப் பிடித்து யாரும் உங்களைச் சாய்த்துவிடலாம். இறங்கிய தோளில் பிடிக்க ஒன்றும் இருக்காது. இதை ரத்தினம், "லூசா உடுங்க" என்று சொல்லிக் கொடுத்தான்.

"யாரைப் பாத்து லூசுங்கறே?" என்று இணைச் செயலாளர் சட்டையைப் பிடித்தார்.

அதற்குப் பிறகு அவன் ‘லூசு’ என்ற வார்த்தையையே விட்டுவிட்டான். யாருக்கும் மனசு நோகாத வார்த்தை எது என்று யோசித்தான். சீன வார்த்தையையே சொல்லிவிட்டால் வம்பில்லை என்று முடிவு பண்ணினான். அந்த வார்த்தைதான் சொங். உடம்பில் இருக்கிற வீண் முறுக்கை எல்லாம் இறக்கிவிடு என்று அர்த்தம். சீனாவில் அது தங்கமான வார்த்தை. நம் ஊரில் அதற்குப் பக்கத்திலேயே, ஒரு எழுத்து தள்ளி, சோப்ளாங்கியைத் திட்டுகிற ‘சொங்கி’ உட்கார்ந்திருக்கிறது என்பது பாவம் அவனுக்குத் தோன்றவில்லை.

குளத்தில் விழுந்த கல்யாணம்

பூக்கார அம்மாவின் கூடை காலியாகும் முன்னால் சேதி பரவிவிட்டது. பத்து மணிக்குத் தறிச் சத்தத்துக்கு நடுவே, "சொங்கித் தலைவரு வந்துக்கினு இருக்காரு, வழி உடு" என்று யாரோ சொன்னது சபாபதி காதிலேயே விழுந்தது.

என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏகாம்பரம், அவனைக் கூட்டியாந்தது நீ."

"ஆமாண்ணே. ஆனா அது திட்டு இல்லண்ணே..."

"எனக்கு அர்த்தம் சொல்லாதே. சாயங்காலத்துக்குள்ள அவன் கடையைத் தூக்கிக்கினு போயிடணும். நீயே போயிச் சொல்லு. சொல்லலைன்னா, தட்டு மாத்தற பேச்சு இத்தோட விட்டுது."

ரத்தினத்திடம் போனேன். டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். சொன்னேன்.

அவன் பம்பை நிறுத்தவில்லை. "ரங்கூன்லேர்ந்து ஒரு தபா கெளப்பிட்டாங்க. இங்கேர்ந்தும் கெளம்புன்னா கெளம்பறேன். எங்கேன்னு மட்டும் நீயே சொல்லிடு, ஏகா."

எட்டாம் வகுப்புப் படித்த என் மூளையில் ஒரே ஒரு யோசனைதான் வந்தது. நம் ஊரில் எந்தச் சண்டையையும் தள்ளிப்போட ஒரு வழி உண்டு. கூட்டம் போடுவது. ஓடிப்போய்த் தமிழ்மணியிடம், "சீன வார்த்தையாலதான வம்பு? அதுக்குத் தூய தமிழ்ச் சொல் கண்டுபுடிச்சிட்டா?" என்றேன். அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மூன்று மணிக்கு அவசரக் கூட்டம்.

ஒரு சொல்லுக்கு ஒரு கூட்டம்

சபாபதி வீட்டுக் கூடம். தறிகளை நிறுத்தியிருந்தார்கள். ரத்தினத்தை வாசல்படி ஓரம் நிற்க வைத்தார்கள். கூடத்து மூலையில் உங்கள் அம்மா ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கூட்டம் அவளுக்காக வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. அவளும் கூட்டத்துக்காக நிறுத்தவில்லை.

"தளர்வு" என்று ஆரம்பித்தார் தமிழ்மணி.

"நான் இன்னா கெழவனா?" என்றார் தலைவர்.

"தொய்வு."

கூடமே பதறியது. தறியில் பூட்டின பாவு நூல் தொய்ந்தால் நெசவே கெட்டது. நாலு தறி வைத்திருக்கிறவரைப் பார்த்துத் தொய்வு என்பதற்குச் சொங்கி எவ்வளவோ தேவலை.

"நெகிழ்வு."

"அது அழுவறவங்களுக்கு."

"ஓய்வு?"

"பதவியை உட்டு எறங்கச் சொல்றியா?"

ரத்தினம் வாசலிலிருந்து மெல்லச் சொன்னான். "வார்த்தையில வராதுங்க. ஒரு தபா செஞ்சு காட்டிடறேன். அப்புறம் கெளம்பிடறேன்."

தலைவர் கூடத்து நடுவில், தறிக்கு முன்னால் போய் நின்றார். காலை அகட்டி, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பெல்லாம் புடைக்கக் கோயில் தூண் மாதிரி நின்றார். ரத்தினம் வந்து இரண்டு விரலால் தோளைத் தொட்டான். தலைவர் பின்னால் நகர்ந்தார்.

"தரை வழுக்குது" என்றார்.

மறுபடி நின்றார். மறுபடி இரண்டு விரல். மறுபடி நகர்ந்தார். யாரோ, அமைப்பாளரோ காப்பாளரோ, மூக்கால் சிரித்துவிட்டார். சபாபதியின் முகம் ரத்தமாய்ச் சிவந்தது. கையை ஓங்கிக்கொண்டு ரத்தினத்தின் மேல் பாய்ந்தார்.

"சும்மா இருண்ணா!"

மூலையிலிருந்து வந்த குரல். உங்கள் அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கை ராட்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஓங்கின கை தானாக இறங்கியது. தோள் இறங்கியது. பெருமூச்சு ஒன்று வெளியே வந்தது. முழங்கால் லேசாக மடங்கி, தலைவர் அப்படியே நின்றார். ரத்தினம் நேரம் கடத்தவில்லை. இரண்டு விரலை வைத்துத் தள்ளினான். அசையவில்லை. உள்ளங்கையை வைத்துத் தள்ளினான். ஊகூம். தோளைக் கொடுத்துத் தள்ளினான். அவன்தான் சறுக்கினான்.

"இதான் தலைவரே!" என்று கத்தினான். "இதான் சொங்!"

யார் சொன்னால் இறங்கும்?

தமிழ்மணி எழுந்து நின்றார். "சும்மா இரு! ஆகா, சைவத்தின் உச்சியே அதுதானே! இதையுமா சீனன் நம்மிடமிருந்து எடுத்துப்போனான்?"

தலைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னொரு தபா" என்றார். பழையபடி தோளை ஏற்றிக்கொண்டு நின்றார்.

"சும்மா இருங்க தலைவரே" என்றான் ரத்தினம். தோள் இறங்கவில்லை.

"வாளாவிருங்கள்" என்றார் தமிழ்மணி தூய தமிழில். தோள் இன்னும் கொஞ்சம் ஏறியது.

நான் துணிந்து, "சும்மா இரு" என்றேன். ஒரு பார்வை பார்த்தார். நான் சும்மா இருந்தேன்.

மரியாதை சேர்த்தால் இறங்கவில்லை. மரியாதையை எடுத்தால் கோபம் ஏறியது. கடைசியில் தலைவரே மூலையைப் பார்த்து, "காமு, நீ சொல்லும்மா" என்றார். உங்கள் அம்மா சொன்னாள். உடனே இறங்கியது. ரத்தினம் தள்ளினான். மலை அசையவில்லை.

அந்த வெற்றியில் எனக்கு ஆபத்து இருப்பது தலைவர் பேசின பிறகுதான் புரிந்தது.

"ஏகா, தப்பா நெனைக்காதே. தட்டு கிட்டு எதுவும் இப்போ வாணாம். வைகாசில மேடை ஏறணும். இவ உன் வூட்டுக்கு வந்துட்டா எனக்கு யாரு சொல்லுவா?"

"நிச்சயந்தானேண்ணே. கல்யாணம் பின்னாடி..."

"நிச்சயம் ஆயிட்டா பொண்ணுக்கு மனசு இங்க இருக்காதுபா. சொல்றதுல ஒரு இது இருக்காது."

மன்றத்தின் நலன் கருதித் திருமணப் பேச்சை ஒத்திவைக்கலாம் என்று தமிழ்மணி முன்மொழிந்தார். நிர்வாகிகள் எல்லாரும் கை தூக்கினார்கள். நான் வேண்டாம் என்று கை தூக்கினேன். உறுப்பினருக்கு ஓட்டு கிடையாதாம்.

ராட்டை நின்றது.

"நான் சொன்னாத்தான் நீ நிப்பியாண்ணா?" என்றாள் உங்கள் அம்மா.

"ஆமாம்மா. நீதான் பாக்கறியே."

"அப்போ இனிமே சொல்ல மாட்டேன். ரத்தினண்ணே, இப்போ தள்ளிப் பாருங்க."

ரத்தினம் தயங்கித் தயங்கி ஒரே ஒரு விரலை வைத்தான். தலைவர் பின்னாலேயே போனார். போய், தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, வேலைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

குழியில் இருந்தபடியே மூலையைப் பார்த்தார்.

"காமு, மேடை மேலயும் இப்டித்தான் ஆவுமா?"

"ஆவும்."

"ஊரே பாக்கும்."

"பாக்கட்டும்."

"இன்னாதான் வோணும் உனக்கு?"

"ரத்தினண்ணன் கடை அங்கியே இருக்கட்டும்."

"சரி. அப்புறம்?"

அப்புறத்தை அவள் வாயால் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பெண்கள் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். ராட்டையின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

தலைவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குழியிலிருந்து ஏறி வந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"உங்கம்மாகிட்ட சொல்லிடுபா. வர்ற வெள்ளிக்கிழமை தட்டு மாத்திக்கலாம்."

எனக்குக் காலே தரையில் இல்லை. அவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. காலை அகட்டி, முழங்காலை மடக்கி, தோளைக் காதுவரை ஏற்றிக்கொண்டு நின்றார்.

"சரி, காமு. இப்போ சொல்லு."

"மொதல்ல தட்டு வரட்டும்" என்றாள் உங்கள் அம்மா.

ராட்டை மறுபடி சுற்ற ஆரம்பித்தது. தலைவர் முழங்காலை மடக்கியபடியே வெள்ளிக்கிழமைக்காக நின்றுகொண்டிருந்தார்.